குரோஷே ஊசியில் ‘8’ என்று போட்டிருந்தால் அது எத்தனை மி.மீ.? நூலுக்கு ஏற்ற ஊசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடையில் போய் ‘எட்டாம் நம்பர் குரோஷே ஊசி கொடுங்க’ என்று கேட்டால் என்ன கிடைக்கும்? கடைக்காரர் எந்த டப்பாவைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. லேஸ் பின்னும் ஸ்டீல் ஊசி டப்பாவாக இருந்தால், அமெரிக்கக் கணக்குப்படி எட்டாம் நம்பர் ஊசியின் தடிமன் 1.5 மி.மீ. உல்லன் நூலுக்கான அலுமினிய ஊசி டப்பாவாக இருந்தால், அதே அமெரிக்கக் கணக்கில் ‘எச்-8’ என்பது 5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எட்டு என்றால் 4 மி.மீ.

ஒரே எட்டுதான். ஆனால் ஒன்று பல்குத்தும் குச்சியைவிட மெல்லிசு. இன்னொன்று பென்சிலைவிடக் கொஞ்சம்தான் சன்னம்.

ஒரு காலத்தில் டி.வி. கவர், டீப்பாய் விரிப்பு, வாசல் தோரணம் என்று வீட்டுக்கு வீடு இருந்த குரோஷே, இப்போது ரீல்ஸ் வழியாக மறுபடியும் வந்திருக்கிறது. சூரியகாந்திப் பூ, குட்டிக் கரடி, ஹேர் க்ளிப், கைப்பை என்று கல்லூரி மாணவிகள் முதல் பணி ஓய்வு பெற்றவர்கள் வரை ஊசியை எடுக்கிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துச் சிறு தொழிலாகவே செய்கிறார்கள். வீடியோவில் கண்ணி போடுவதைப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள்; எந்த நூலுக்கு எந்த ஊசி என்பதைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பின்னி முடித்த பிறகு, வீடியோவில் உள்ளங்கை அளவு இருந்த கரடி இங்கே முழங்கை நீளம் வந்து நிற்கும். கைப்பை தொளதொளவென்று தொங்கும். ‘நமக்குக் கை வரல’ என்று ஊசியை மூலையில் போட்டுவிடுவார்கள். பல நேரம் தப்பு கையில் இல்லை, ஊசியில்தான் இருக்கும்.

குல்லாவில் வரும் வம்பு

ஒரு சின்னக் கணக்கு. மூன்று மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 40 செ.மீ. குல்லா கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதால், 37.5 செ.மீ. சுற்றளவு வரும்படி 60 கண்ணி போடச் சொல்கிறது ஒரு பேட்டர்ன் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10 செ.மீ. அகலத்துக்கு 16 கண்ணி.

பின்னுபவர் கையில் இருக்கும் ஊசி அரை மி.மீ. சன்னமாக இருந்து, 10 செ.மீட்டருக்கு 16-க்குப் பதில் 18 கண்ணி விழுந்துவிட்டால்? அதே 60 கண்ணிக் குல்லாவின் சுற்றளவு 33.3 செ.மீட்டராகச் சுருங்கிவிடும். பிறந்த குழந்தைக்கே பிடிக்கும் அளவு அது. ஊசி பெரிதாகி 14 கண்ணி மட்டும் விழுந்தால் கிட்டத்தட்ட 43 செ.மீ. குல்லா குழந்தையின் கண்ணை மறைத்து மூக்கில் வந்து உட்காரும். 10 செ.மீட்டரில் வெறும் இரண்டு கண்ணி வித்தியாசம். அதற்குள் ஒன்று நுழையாது, ஒன்று நிற்காது.

ஆர்டர் எடுத்துச் செய்பவருக்கு இது நேரடி நஷ்டம். நூல், இரண்டு மாலை நேர உழைப்பு, கூரியர் செலவு, அதற்கு மேல் ‘அளவு சரியில்லைங்க’ என்ற மெசேஜ். பிரித்துப் பின்னலாமே என்றால் எல்லா நூலும் அதற்கு இடம் கொடுக்காது. சாதாரண அக்ரிலிக், பருத்தி நூலைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொள்ளலாம். பொம்மைக்கு இப்போது எல்லோரும் வாங்கும் வெல்வெட் நூலை ஓரிரு முறை பிரித்தாலே அதன் பஞ்சு உதிர்ந்து நடுவில் இருக்கும் இழை தெரிய ஆரம்பிக்கும்.

கம்பிக் கடையிலிருந்து வந்த நம்பர்

ஒரு நம்பருக்கு இத்தனை அளவு எப்படி வந்தது? பிரிட்டனில் பின்னல் ஊசிகளுக்கு நம்பர் போட்டபோது, உலோகக் கம்பிக்கு இருந்த கேஜ் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். கம்பியை அச்சுத் துளைகள் வழியாக இழுத்து மெலிய வைப்பார்கள். இழுக்க இழுக்க மெலியும். அதனால் நம்பர் ஏற ஏறக் கம்பி சன்னம். நம்மூரில் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இன்றும் கம்பியை இந்த கேஜ் நம்பர் சொல்லித்தான் கேட்கிறார்கள். 8 கேஜ் கம்பி 4.06 மி.மீ., 14 கேஜ் கம்பி 2.03 மி.மீ. பழைய பிரிட்டிஷ் குரோஷே ஊசியிலும் எட்டாம் நம்பர் 4 மி.மீ., பதினாலாம் நம்பர் 2 மி.மீ. கணக்கு பொருந்துகிறதா?

அமெரிக்கர்கள் உல்லன் ஊசிக்கு இதைத் தலைகீழாக்கினார்கள். அங்கே எழுத்தும் நம்பரும் ஏற ஏற ஊசி தடிக்கும்: பி-1 என்றால் 2.25 மி.மீ., ஜி-6 என்றால் 4 மி.மீ., ஜே-10 என்றால் 6 மி.மீ. ஆனால் அதே அமெரிக்கர்கள் லேஸுக்கான ஸ்டீல் ஊசியில் மட்டும் நம்பர் ஏற ஏறச் சன்னமாகும் வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். அதில் 14-ம் நம்பர் வெறும் 0.75 மி.மீ. ஜப்பான் ஊசிகளில் 5/0, 7/0 என்று இருக்கும்; முறையே 3 மி.மீ., 4 மி.மீ. ஆன்லைனில் எல்லா நாட்டு ஊசியும் ஒரே பக்கத்தில் விற்கப்படுவதால், எந்தக் கணக்கு என்று தெரியாமலே வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே எழுத்துக்கு கம்பெனிக்குக் கம்பெனி தடிமன் மாறுவதும் உண்டு.

ஆகவே பேட்டர்னில் எந்த நம்பர், எந்த எழுத்து இருந்தாலும் சரி, அதை மி.மீட்டருக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் ஊசியை எடுப்பதுதான் பாதுகாப்பு. மில்லிமீட்டர் மட்டும்தான் எல்லா நாட்டிலும் ஒன்று.

ஊசியில் எழுத்து அழிந்துவிட்டால்? பாட்டி விட்டுப்போன தகர டப்பாவில் கிடக்கும் ஊசிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். துளைகள் போட்ட ஊசி அளவுகோல் தட்டு பின்னல் சாமான் கடைகளில் கிடைக்கும். எந்தத் துளையில் ஊசி தொளதொளப்பின்றிச் சரியாக நுழைகிறதோ அதுதான் அளவு. வீட்டில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படிக்கும் பிள்ளை இருந்தால் வெர்னியர் காலிப்பர் இருக்கும். அதைவிடத் துல்லியம் வேறில்லை. ஆனால் அளக்கும் இடம் முக்கியம். கொக்கித் தலையையோ, அதற்குக் கீழே குறுகும் கழுத்தையோ, கட்டைவிரல் வைக்கத் தட்டையாக்கிய இடத்தையோ அளக்கக் கூடாது. கழுத்துக்கும் தட்டையான இடத்துக்கும் நடுவே உருண்டையாக இருக்கும் தண்டுப் பகுதியில்தான் கண்ணி உட்கார்ந்து தன் அளவை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தண்டின் விட்டம்தான் ஊசியின் அளவு. புதிதாகப் பின்னுபவர்கள் கண்ணியைக் கழுத்திலேயே நிறுத்திப் பின்னுவது சகஜம். 4 மி.மீ. ஊசியில் பின்னியும் 3.5-ல் பின்னியதுபோல் இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிள் என்ன சொல்கிறது?

நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தைக் கிழித்து எறிவதற்கு முன் ஒருமுறை படிக்க வேண்டும். கொக்கி ஊசி படமும் பக்கத்தில் மி.மீ. அளவும் இருந்தால் வேலை சுலபம். சில உருண்டைகளில் இரண்டு நீள ஊசிகள் குறுக்காக நிற்கும் படம் மட்டும் இருக்கும். அது ஸ்வெட்டர் பின்னும் நிட்டிங் ஊசிக்கானது. அதே மி.மீ. அளவிலோ, அதைவிட அரை அல்லது ஒரு மி.மீ. கூடுதலாகவோ குரோஷே ஊசியை எடுத்து ஆரம்பிக்கலாம். லேபிளில் ஒரு சதுரமும், அதன் ஓரங்களில் 10 செ.மீ. என்றும், இத்தனை கண்ணி, இத்தனை வரிசை என்றும் இருக்கும். அதுவும் பெரும்பாலும் நிட்டிங் கணக்கே. குரோஷே கண்ணி அதைவிட அகலமானது, எண்ணிக்கை பொருந்தாது, குழம்ப வேண்டாம்.

இன்னொன்று, டை லாட் நம்பர். ஒரே நிறம், ஒரே பெயர் என்றாலும் சாயத் தொட்டி மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். இதற்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? ஊசி சன்னமாகிக் கண்ணி இறுகினால், அதே பரப்பளவுக்குக் கண்ணிகளும் வரிசைகளும் கூடும், நூலும் கூடுதலாகப் பிடிக்கும். நான்கு உருண்டையில் முடிய வேண்டிய சால்வைக்கு ஐந்தாவது உருண்டை வாங்க ஓட வேண்டும். அந்த லாட் கடையில் தீர்ந்திருந்தால், சால்வையின் கடைசி ஒரு சாண் மட்டும் வேறு சாயலில் தனியாகத் தெரியும்.

நூலின் தடிமனைப் பொறுத்தவரை, அமெரிக்க நூல் கம்பெனிகளின் சங்கமான கிராஃப்ட் யார்ன் கவுன்சில் வகுத்த 0 முதல் 7 வரையான பிரிவுகளை இப்போது பல நாட்டு லேபிள்களில் பார்க்கலாம். சிறு நூல் கண்டு படத்துக்குள் அந்த எண் இருக்கும். இதில் எண் ஏற ஏற நூல் தடிக்கும். குழந்தை சாக்ஸுக்கான மெல்லிய 1-ம் பிரிவுக்கு 2.25 முதல் 3.5 மி.மீ. ஊசி, 2-ம் பிரிவுக்கு 3.5 முதல் 4.5, ‘டி.கே.’ எனப்படும் 3-ம் பிரிவுக்கு 4.5 முதல் 5.5, நடுத்தரமான 4-ம் பிரிவுக்கு 5.5 முதல் 6.5 மி.மீ. அதற்கு மேல் தடித்த போர்வை நூல்கள். 7-ம் பிரிவுக்கு 15 மி.மீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். அது ஊசி இல்லை, உலக்கைக்குத் தங்கச்சி! இந்தப் பரிந்துரைகள் கொஞ்சம் தாராளமானவை. டி.கே. நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னச் சொல்லும் பிரிட்டிஷ் பேட்டர்ன்கள் ஏராளம், அதுவும் நன்றாகவே வரும்.

நம்மூர்க் கடைகளில் இந்த எண்ணைவிட ‘4 ப்ளை’, ‘8 ப்ளை’ என்ற பேச்சுதான் அதிகம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வழக்கில் 4 ப்ளை என்றால் மெல்லிய நூல், 8 ப்ளை என்றால் டி.கே. ஆனால் ப்ளை என்பதன் நேர்ப் பொருள், எத்தனை இழைகளை முறுக்கியிருக்கிறார்கள் என்பதுதான். நான்கு தடித்த இழைகளை முறுக்கினாலும் அது 4 ப்ளைதான். அதனால் 4 ப்ளை என்று எழுதிய இரண்டு உருண்டைகள் ஒன்று ஒல்லியாகவும் ஒன்று குண்டாகவும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ப்ளை எண்ணைப் பார்த்து மட்டும் ஊசி வாங்குவது சரிவராது.

லேஸ் பின்னும் பருத்தி நூல் தனி உலகம். அங்கே 10, 20, 40, 80 என்று எண்கள். ஏற ஏற நூல் சன்னம். பத்தாம் எண் நூலுக்கு 1.3 முதல் 1.75 மி.மீ. வரை ஸ்டீல் ஊசி பொருந்தும். எண்பதாம் எண் நூலுக்கு 0.6, 0.75 மி.மீ. என்று இறங்க வேண்டும். ஆந்திராவின் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபூர் குரோஷே லேஸ் இந்த மெல்லிய வகையைச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அங்கே வந்து வீட்டுப் பெண்களின் கைத்தொழிலாக வளர்ந்த அந்த லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உல்லன் நூலில் பழகியவர் முதல்முறை இதைத் தொட்டால், கண்ணி எங்கே இருக்கிறதென்று கண்ணுக்கே தெரியாது. முதல் பாடத்தை இதில் தொடங்காமல் இருப்பது நல்லது.

லேபிள் தொலைந்த நூலுக்கு ஒரு ஸ்கேல் போதும்

அலமாரியில் கிடக்கும் மிச்ச நூல்களுக்கு லேபிள் இருக்காது. பள்ளிக்கூட ஸ்கேலில் ஓர் அங்குல இடத்தில் நூலை ஒன்றையொட்டி ஒன்றாகச் சுற்ற வேண்டும். இழுத்து இறுக்கவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் நூலின் பிரிவு ஓரளவு பிடிபடும். 14-க்கு மேல் போனால் மெல்லிய வகை. 11 முதல் 15 சுற்று என்றால் டி.கே. பக்கம்; 9 முதல் 12 என்றால் நடுத்தரம்; 6 முதல் 9 என்றால் தடிமன். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும், இது தராசுக் கணக்கு இல்லை, கைக்கணக்கு.

அதைவிட அவசர வழியும் உண்டு. நூலை இரண்டாக மடித்து ஊசித் தண்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டு இழையும் சேர்ந்த தடிமனும் தண்டின் தடிமனும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்த ஊசியில் தொடங்கலாம். கொக்கியில் நூல் முழுதாக உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கொக்கிக்குள் அடங்காமல் பிதுங்கினால் ஊசி சின்னது. ஒவ்வொரு கண்ணியிலும் நூலின் பாதி இழையை மட்டும் பிடித்துப் பிளக்கும்.

ஒரே ஊசி, இரண்டு கைகள்

ஊசி அளவு சரி, நூலும் அதே நூல். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பூச்சதுரம் பின்னினால் இரண்டும் ஒரே அளவில் வருமா? பெரும்பாலும் வராது. ஒருவர் நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடிப்பார், ஒருவர் தளர்வாக ஓடவிடுவார். கண்ணியை எவ்வளவு உயரத்துக்கு இழுத்துத் தூக்குகிறார் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கையெழுத்து மாதிரிதான் இது. ‘நீ இறுக்கிப் பின்றே’ என்று திட்டித் திருத்த முடியாது. லேபிளில் எழுதியிருப்பது முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கைக்குப் பொருந்திய அளவு. அங்கே தொடங்கலாம், அவ்வளவே.

அதனால்தான் அனுபவசாலிகள் மாதிரித் துண்டு பின்னாமல் ஸ்வெட்டர், குல்லா போன்றவற்றைத் தொடங்குவதில்லை. யாருக்கும் பிடிக்காத வேலை இது என்பதும் உண்மை. புது நூலை வாங்கி வந்த ஆசையில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் சும்மா ஒரு சதுரம் பின்னத் தோன்றும்? ஆனால் அரைமணி நேரச் சதுரம் ஒரு வாரத்தைக் காப்பாற்றும்.

10 செ.மீ. சதுரம் போதாது. ஓரக் கண்ணிகள் எப்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டோ விரிந்தோ இருக்கும். 15 செ.மீ. அளவுக்குப் பின்னி, நடுவில் உள்ள 10 செ.மீட்டரை மட்டும் எண்ண வேண்டும். எந்தக் கண்ணியில் பொருளைப் பின்னப் போகிறாரோ அதே கண்ணியில் பின்ன வேண்டும். குல்லாபோல் சுற்றிச் சுற்றிப் பின்னும் பொருள் என்றால் மாதிரியையும் அப்படியே பின்னுவது நல்லது. திருப்பித் திருப்பிப் பின்னும்போது கை வேறு மாதிரி விழும். பிறகு அந்தத் துண்டை, பொருளை எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படித் துவைத்து, தட்டையாகக் காயவைத்து, அதற்கப்புறம் அளக்க வேண்டும். பருத்தி நூல் துவைத்ததும் சுருங்கக்கூடும். அக்ரிலிக் தளரக்கூடும்.

பேட்டர்ன் 16 கண்ணி கேட்கிறது, துண்டில் 18 இருக்கிறது என்றால் ஊசியை அரை மி.மீ. பெரிதாக்கி மறுபடி பின்னிப் பார்க்க வேண்டும். 14 என்றால் அரை மி.மீ. சிறிதாக்க வேண்டும். கையைக் கட்டாயப்படுத்தித் தளர்த்தவோ இறுக்கவோ முயன்றால், நான்கு வரிசை தாண்டியதும் பேச்சு சுவாரசியத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும்.

அகலம் பொருந்தி, உயரத்தில் வரிசை எண்ணிக்கை மட்டும் முன்பின்னாக இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒரு வரிசை கூட்டியோ குறைத்தோ சமாளித்துக்கொள்ளலாம்.

இங்கே இன்னொரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’ என்பது பிரிட்டிஷ் பேட்டர்னில் ‘டபுள் குரோஷே’. ஊசி, நூல் எல்லாம் சரியாக இருந்தும் துண்டு இரண்டு மடங்கு உயரமாக வந்தால், ஊசியைச் சந்தேகிக்கும் முன் பேட்டர்ன் எந்த நாட்டுக் கணக்கு என்று பார்க்க வேண்டும்.

லேபிளை வேண்டுமென்றே மீறும் இடங்கள்

பொம்மைதான் இதில் முதல். ஜப்பானிலிருந்து வந்த அமிகுருமி பொம்மைகளுக்கு லேபிள் சொல்வதைவிட ஓரிரு அளவு சின்ன ஊசி எடுப்பது வழக்கம். காரணம், உள்ளே பஞ்சு அடைக்கும்போது பின்னல் விரிகிறது. லேபிளில் 4 மி.மீ. என்று இருக்கும் நூலை 4-லேயே பின்னினால் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு எட்டிப்பார்க்கும். 3 அல்லது 2.5 மி.மீட்டருக்கு இறங்கினால் துணி கெட்டியாகும். அழகுக்காக மட்டும் இல்லை. கைக்குழந்தை எதையும் வாயில் வைக்கும். இடைவெளியில் பஞ்சு பிதுங்கி வரும் பொம்மையை அதன் கையில் கொடுக்கவே கூடாது. பின்னிய துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாலே போதும். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் அதிகம் தெரிந்தால் இன்னும் அரை மி.மீ. இறங்க வேண்டும்.

கைப்பைக்கும் இதே கதைதான். மளிகை தூக்கப்போகும் பை என்றால் சின்ன ஊசியும் பருத்தி நூலும். சுடு பாத்திரம் பிடிக்கும் துணிக்கும் இறுக்கமான பின்னல் வேண்டும். அங்கே அக்ரிலிக் கூடாது, சூட்டில் உருகும்.

சால்வை, துப்பட்டா வகையில் எதிர்த்திசை. லேபிள் அளவில் பின்னினால் சால்வை அட்டைபோல் விறைத்து நிற்கும். ஒன்று, ஒன்றரை மி.மீ. பெரிய ஊசியில் பின்னினால் தோளில் வழிந்து விழும். சென்னை வெயிலில் போர்த்திக்கொள்ளும் யோசனை இருந்தால் காற்று போகவும் வழி வேண்டுமே!

ஒரே பொருளில் இரண்டு ஊசி மாற்றும் பழக்கமும் சிலருக்கு உண்டு. முதல் சங்கிலி வரிசையைப் பலரும் இறுக்கிப் போட்டுவிடுவார்கள். மேலே பின்னப் பின்ன அடிப்பக்கம் சுருங்கி, விரிப்பு விசிறிபோல் வளையும். சங்கிலிக்கு மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசி, இரண்டாவது வரிசையிலிருந்து வழக்கமான ஊசி. பிரச்னை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டு நூல்களைச் சேர்த்துப் பின்னினால் என்ன ஊசி என்ற கேள்வியும் அடிக்கடி வரும். இரண்டு மெல்லிய 4 ப்ளை இழைகள் சேர்ந்தால் ஏறக்குறைய டி.கே. தடிமன். டி.கே. ஊசியில் ஒரு சின்னச் சதுரம் பின்னிப் பார்த்து, அட்டையாக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

கை வலித்தால் ஊசியைப் பாருங்கள்

தடித்த நூலைச் சின்ன ஊசியில் பின்னும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை வலுக்கட்டாயமாக நுழைக்க வேண்டும். மணிக்கட்டும் கட்டைவிரலும்தான் அந்த விலையைக் கொடுக்கும். ஓர் அளவு மேலே போனாலே பலருக்கு வலி குறையும். மெல்லிய ஸ்டீல் ஊசி தவிர்க்க முடியாத வேலை என்றால், ரப்பர் பிடி போட்ட ஊசியை எடுத்து, இடையிடையே கையை உதறி ஓய்வு கொடுக்க வேண்டும். வலி தொடர்ந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய சமாசாரம்.

உலோக ஊசியில் நூல் வழுக்கி ஓடும், மூங்கில் ஊசி கொஞ்சம் பிடித்து நிறுத்தும். வழுவழு நூலுக்கு மூங்கில், ஒட்டிக்கொள்ளும் அக்ரிலிக்குக்கு அலுமினியம் என்பது பொதுவான வழக்கம். கை வியர்க்கும் மே மாதத்தில் அக்ரிலிக் நூல் மூங்கில் ஊசியில் நகரவே நகராது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மாதிரித் துண்டை அலுமினிய ஊசியில் பின்னிவிட்டு, பொருளை மூங்கிலில் பின்னினால் மி.மீ. ஒன்றாக இருந்தாலும் அளவு மாறலாம். கொக்கியின் வடிவத்துக்கும் இது பொருந்தும். சில ஊசிகளில் தலை, தண்டுக்கு நேர்கோட்டில் செதுக்கியதுபோல் இருக்கும். சிலவற்றில் கழுத்து குறுகி, தலை உருண்டிருக்கும். இரண்டில் எது உசத்தி என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. கைக்கு எது பழகுகிறதோ அதிலேயே இருப்பது உத்தமம்.

எத்தனை ஊசி வாங்குவது?

ஆன்லைனில் 12 ஊசி, 22 ஊசி என்று வண்ண வண்ணமாக செட் கிடைக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், பாதியைத் தொடவே மாட்டோம். டி.கே. அல்லது நடுத்தர நூலில் தொடங்குபவருக்கு 3.5, 4, 5 மி.மீ. என்று மூன்று நல்ல ஊசிகளே பல மாதம் வரும். பொம்மையில் ஆர்வம் என்றால் 2.5 ஒன்று. சால்வை ஆசை வந்தால் 6. அந்தக் காசில் மிச்சத்தை நூலுக்குப் போடலாம். விலை குறைந்த செட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அளவுத் துளையில் ஒவ்வொன்றையும் ஒருமுறை சரிபார்த்து, கொக்கி முனையில் பிசிறு இருக்கிறதா என்று நைலான் துணியில் இழுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். துணியை இழுக்கும் ஊசி நூலையும் பிளக்கும்.

முதல் நூலாக வெளிர் நிறத்தில், முறுக்கு நன்றாக இருக்கும் நடுத்தர நூலும் 5 மி.மீ. ஊசியும் எடுத்தால் கண்ணி கண்ணுக்குத் தெரியும். கருப்பு நிறமும் முடி முடியாக இருக்கும் நூலும் பிறகு வரட்டும்.

பெரிய போர்வையைப் பல கைகள் சேர்ந்து பின்னும்போது இந்த விஷயம் இன்னும் கூர்மையாகும். 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து, சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அத்தனை பெரிதாக வேண்டாம், குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு போர்வை பின்னினாலும், ‘எல்லோரும் 4 மி.மீ. ஊசி’ என்று சொல்லிக் கொடுத்தால் சதுரங்கள் பத்து அளவில் வரும். ‘எல்லோரும் 15 செ.மீ. சதுரம், ஊசியை அவரவர் கைக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் ஒருவர் 3.5-லும் ஒருவர் 4.5-லும் பின்னி, இணைக்கும் நேரத்தில் மூலைகள் ஒன்றோடு ஒன்று பொருந்தி நிற்கும்.

தனியாகப் பின்னுபவருக்கும் ஒரு வேலை உண்டு. பாதியில் நிறுத்தி வைக்கும் பின்னலோடு, எந்த ஊசி, எத்தனை மி.மீ., எந்த டை லாட் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போட்டு வைக்க வேண்டும். தீபாவளிக்கு முன் மூட்டை கட்டிய சால்வையைப் பொங்கல் கழித்து எடுக்கும்போது ஊசி வேறு எங்காவது போயிருக்கும். சீட்டு அந்த நூலோடு இருக்கும்.